வெள்ளைக் குதிரை வாங்கப் போய், கருஞ்சாம்பல் குட்டியோடு வந்தேன்: 9 மாத அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு 5 நட்சத்திரம். விற்றவருக்கு மூன்றரை. வாங்கிய எனக்கு ஒன்று, அதுவும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடும் அளவுக்காவது புத்தி இருந்ததற்காக.

நான் 6 வருஷம் குதிரையேற்றம் கற்றவள். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பயிற்சிப் பள்ளியின் குதிரைகள் மேல். அந்தக் குதிரைகள் என்னைப் போல நூறு பேரைச் சுமந்தவை. நான் கடிவாள வாரைத் தப்பாக இழுத்தாலும், 'சரி, இந்தம்மா இடப்பக்கம் திரும்பச் சொல்கிறாள் போல' என்று தாமாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு திரும்பிவிடும். எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும் என்று 6 வருஷம் நம்பியிருந்தேன். உண்மையில் அந்தக் குதிரைகளுக்கு என்னை ஓட்டத் தெரிந்திருந்தது.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தபோது மூன்று நிபந்தனைகள் வைத்தேன். வயது பத்துக்கு மேல், காயடித்த ஆண் குதிரை, துணைக்கு வேறு குதிரை இல்லாமல் தனியாக வெளியே போய்ப் பழகியது. நிறம் வெள்ளையாக இருந்தால் நல்லது என்பது எழுதாத நான்காவது நிபந்தனை. சிறுவயது ஆசை, அதற்குக் காரணமெல்லாம் கேட்கக் கூடாது. அப்படியே ஒரு விளம்பரம் கிடைத்தது. 12 வயது, வெள்ளை, சாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். துணைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நான்கு கால் என்பது மட்டும்தான். குதிரை பார்க்கப் போகும்போது 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவரைக் கூட்டிப் போக வேண்டும். நான் கூட்டிப் போனது கார் ஓட்டத் தெரிந்தவனை.

போய்ச் சேர்ந்தால் அந்த வெள்ளைக் குதிரை முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கிறது, காலையில்தான் தெரிந்தது என்றார் விற்பவர். மறைக்கவில்லை. கிளம்பும் முன் அவர் போன் பண்ணியிருக்கலாம், அரை நட்சத்திரம் அங்கே போயிற்று. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, பக்கத்து லாயத்துல இருக்கிறவளையும் ஒரு கண் பாத்துட்டுப் போங்க" என்றார்.

கண்ணால் பார்த்ததோடு நின்றிருந்தால் இந்த விமர்சனமே இல்லை.

பெண் குதிரை. 4 வயது. மழைக்கு முன் வானம் இருக்குமே அந்தக் கருஞ்சாம்பல் நிறம், அதன் மேல் வட்ட வட்டமாக வெளிர்ப் புள்ளிகள். உயரம் 15 கை. குதிரையைக் 'கை' கணக்கில்தான் அளப்பார்கள், ஒரு கை என்பது 4 அங்குலம், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு வரை. ஆக 152 சென்டிமீட்டர். என் மூக்கு அவள் முதுகுக்குச் சரியாக இருந்தது. தலையை நீட்டி என் சட்டைக் கையை முகர்ந்தாள், அப்புறம் நிதானமாகத் தம்பியின் பைக்குள் மூக்கை விட்டாள்.

"அக்கா, வெள்ளைக் குதிரைன்னுதானே சொன்னே?" என்றான் அவன்.

விற்பவர் சிரித்தார். "இவளும் வெள்ளைதான். இன்னும் ஆகலை, அவ்வளவுதான்." அது விற்பனைப் பேச்சு இல்லை, உண்மை. நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருஷா வருஷம் நரைத்து வெளுத்தவைதான். தோல் கடைசி வரை கறுப்பாகவே இருக்கும், முடி மட்டும் மாறும். (இப்படி நரைக்க வைக்கும் மரபணுவோடு ஒரு தொல்லையும் கூடவே வருகிறது. வயதான பின் இப்படி வெளுத்த குதிரைகளுக்கு மெலனோமா என்ற தோல் கட்டிகள் வருவது சகஜம். இதை அன்று யாரும் சொல்லவில்லை, நானும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.)

அங்கே வேலை செய்யும் பெண் முதலில் ஏறிக் காட்டினாள். நடை, ட்ராட் (மிதமான ஓட்டம்), கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்), இரண்டு பக்கமும் வட்டம். நிற்கச் சொன்னால் நின்றது. பிறகு நான் ஏறினேன். எனக்கும் நடந்தாள், ட்ராட்டும் வந்தது. இறங்கும்போதே முடிவாகிவிட்டது. என் மூன்று நிபந்தனைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்பதைத் திரும்பி வரும் வழியில் தம்பிதான் எண்ணிச் சொன்னான். "ஒண்ணு விடாம எல்லாமே தப்பு, அக்கா. எழுதாத நாலாவது மட்டும் பாதி சரி."

இனி வாங்குவதற்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை. இந்தச் சேவைக்குத் தயங்காமல் 5 நட்சத்திரம். விற்பவரோடு தொடர்பில்லாத மருத்துவரை நாமே அழைத்துப் போக வேண்டும், இது முக்கியம். வந்தவர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். இருட்டறையில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 36. குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு. ஓட விட்டு மறுபடி கேட்டார், எவ்வளவு நேரத்தில் பழைய எண்ணுக்கு இறங்குகிறது என்று பார்த்தார். ஒவ்வொரு காலையும் மடக்கிச் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு உடனே ஓட விட்டார். மூட்டில் ஒளிந்திருக்கும் வலி அப்போது நொண்டலாக வெளியே வரும். கெட்டித் தரையில் சின்ன வட்டம், மென்மையான தரையில் பெரிய வட்டம். ரத்தம் எடுத்து ஒரு குப்பியில் பத்திரப்படுத்தினார். மயக்க மருந்தோ வலி மருந்தோ கொடுத்து நல்ல பிள்ளையாக நிறுத்தியிருந்தால், பிற்பாடு சந்தேகம் வரும்போது சோதித்துப் பார்க்கலாம். (சோதிக்கத் தேவைப்படவில்லை. அவள் அன்று சாதுவாக இருந்ததற்குக் காரணம் வேறு, வருகிறேன்.)

பல்லைப் பார்த்து வயது சொன்னதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நடு வெட்டுப் பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அதற்கு அடுத்தவை மூன்றரையில், ஓரத்துப் பற்கள் நாலரையில். அவளுக்கு ஓரத்தில் மட்டும் இன்னும் பால் பற்கள். ஆகவே மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில், காகிதத்தில் இருந்த வயதோடு ஒத்துப்போனது. கழுத்தின் இடப்பக்கம் இருந்த மைக்ரோசிப் எண்ணும் ஒத்துப்போனது. எல்லாம் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "குதிரை நல்லா இருக்கு. நீங்க இதுக்குச் சரியா வருவீங்களான்னு நான் பரிசோதிக்கலை. அது என் வேலையும் இல்லை." நான் சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை என்று புரியப் பதினைந்து நாள் ஆயிற்று.

வந்த அன்று இரவு முழுக்கக் கனைத்தாள். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. பிறந்ததிலிருந்து கூடவே இருந்தவை ஒரே நாளில் காணாமல் போனால் அது கூப்பிடத்தானே செய்யும்? அதிலும் புதிதாக வந்த குதிரையை மற்றவற்றோடு உடனே விட முடியாது. ஸ்ட்ராங்கிள்ஸ் (குதிரைகளுக்குள் பரவும் தொண்டை நோய்) போன்ற தொற்று இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்று வாரம் தள்ளி வைக்க வேண்டும். மற்ற குதிரைகள் கண்ணுக்குத் தெரியும், தொட முடியாது. அவள் வேலியோரமாகவே நடந்து நடந்து தரையில் ஒரு தடமே போட்டுவிட்டாள்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பயந்த குதிரை படுக்காது, ஏனென்றால் எழுந்து ஓட நேரமாகும். முதல் ஆறு நாளும் அவள் உடம்பில் ஒரு துரும்புகூட ஒட்டவில்லை. ஏழாம் நாள் காலையில் போனால் இடப்பக்க விலாவெல்லாம் வைக்கோல் துணுக்கு, ஒரு கன்னத்தில் சாணிக்கறை. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தைத் தம்பியிடம் போனில் சொன்னபோது, "சாணிக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்றான். குதிரை வைத்திருக்காதவர்களிடம் இதையெல்லாம் பேசக் கூடாது.

சரி, ஏறிய கதைக்கு வருகிறேன்.

எட்டாம் நாள் ஏறினேன். கால்களால் லேசாக அழுத்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். காதைப் பின்னுக்குத் திருப்பி என்னைக் கேட்டாள், ஆனால் நகரவில்லை. ஒரு தட்டு தட்டினேன், மூன்று அடி வைத்து மறுபடி நின்றாள். ஒருவழியாக ட்ராட் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் என்றால் கழுத்தை மட்டும் வளைத்துக்கொண்டு நேராகவே போனாள். விற்பவர் வீட்டில் பார்த்த குதிரையின் உடம்புக்குள் வேறு யாரோ புகுந்துகொண்டதுபோல இருந்தது.

பதினோராம் நாள் விழுந்தேன். காரணம் ஒரு தார்ப்பாய். மைதானத்தின் ஓரத்தில் மடித்து வைத்திருந்தது. ஒரு வாரமாகத் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறோம், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்று எதிர்த் திசையிலிருந்து வந்தோம். பக்கவாட்டில் ஒரே துள்ளல், நான் மணலில். குதிரையின் இரண்டு கண்ணும் தனித்தனி, ஒரு கண் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்று லாயங்களில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் இல்லை, மூளையின் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு பொருளை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அதன் உருவமே வேறு, அது குதிரைக்குப் புதுப் பொருள். தலைக்கு இரு பக்கமும் கண்கள் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அவ்வளவு அகலமாகப் பார்க்கும் பிராணிக்கு உலகத்தில் தார்ப்பாய்கள் நிறைய.

அடி படவில்லை, ஹெல்மெட்டும் மணலும் காப்பாற்றின. கோபம்தான் வந்தது, விற்றவர் மேல். அன்று மாலையே போன் போட்டேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இவ முதுகுல இதுவரைக்கும் மொத்தமே நாப்பது தடவைதான் ஏறியிருக்கோம். ஏறினது அந்தப் பொண்ணு ஒருத்திதான். எங்க மைதானத்துல மட்டும்தான். நீங்க கேட்கலையே."

கேட்கவில்லைதான். என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கடிக்குமா? உதைக்குமா? தடுப்பூசி போட்டாச்சா? அமைதியா இருக்குமா? எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலே வந்தது. நாற்பது முறை ஏறிய குதிரையிடம் ஒரு திறமையும் சேர்ந்திருக்காது, ஒரு பழக்கம்தான் இருக்கும். இந்த மைதானம், இந்தப் பெண், இந்தக் குரல், இந்த வேளை. இடமும் ஆளும் மாறினால் குதிரைக்குப் பாடமே மாறிப்போகிறது. ஒரு வகுப்பில் கணக்குப் போட்ட பிள்ளை அடுத்த வகுப்பிலும் போடும் என்று நாம் நினைப்போம். குதிரை அப்படி எளிதில் பொருத்திப் பார்க்காது. நான் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தப் பெண் அவளைக் கயிற்றில் ஓட்டி வியர்வை துடைத்து வைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்றைய அமைதியில் பாதி களைப்பு.

ஆனால் அந்த மனிதர் அன்றிரவே ஒரு குரல் பதிவு அனுப்பினார். நடக்க நாக்கைச் சொடுக்க வேண்டும். கேன்டருக்கு முத்தச் சத்தம். நிற்க மூச்சை விட்டு நீளமாக 'ஹோ'. காலால் அழுத்துவதை இப்போதுதான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தோம், இடப்பக்கம் வரை புரிந்திருக்கிறது. 30 நாளைக்குள் வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மறுநாள் நாக்கைச் சொடுக்கினேன். என்னமோ அதற்காகவே ஒரு வாரமாகக் காத்திருந்ததுபோல நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், இத்தனை நாளாக நான் வேற்றுமொழியில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றரை நட்சத்திரத்தில் ஒன்று இந்தக் குரல் பதிவுக்கு. மீதி இழந்ததெல்லாம் அதை வாங்கிய அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுக்காததற்கு.

30 நாள் கெடுவில் 26-ஆம் நாள் வரை திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அதற்குள் என் பழைய பயிற்சிப் பள்ளி மாஸ்டர் ஒருமுறை வந்து பார்த்தார். அவருடைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் தகும், ஆனால் முதல் மாதம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். ஏனென்றால் ஏறவே விடவில்லை.

"முதல்ல கூட நடக்கக் கத்துக்குங்க."

தலைக்கயிற்றைப் பிடித்து நடப்பது. நிற்பது. இரண்டடி பின்னால் வைக்கச் சொல்வது. கட்டினால் பொறுமையாக நிற்பது. நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பது. இதையெல்லாம் இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு முறையோ அவ்வளவு முறை வலப்பக்கத்திலிருந்தும். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கியவர்கள் இடப்பக்கமாக ஏறிய பழக்கம் இன்று வரை தொடர்கிறது என்பார்கள். வாள் போய்விட்டது, ஆனால் பெரும்பாலான குதிரைகளுக்கு வலப்பக்கம் மனிதன் நின்றாலே ஏதோ தப்பு நடக்கிறது என்ற எண்ணம் மட்டும் மிச்சம். 'வலப்பக்கம் திரும்ப மாட்டேன்' என்பதன் விடை பாதி இங்கேதான் இருந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: அழுத்தும்போது குதிரை கற்றுக்கொள்வதில்லை, விடும்போதுதான். கயிற்றை லேசாக இழுக்கிறோம், அது ஓர் அடி வைக்கிறது, அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் 'சரி' என்ற சொல். ஒரு நொடி தாமதித்தால் நாம் வேறு எதற்கோ சரி சொல்லிவிட்டோம். நான் எப்போதும் தாமதித்தேன். பள்ளிக் குதிரைகள் அதைப் பொறுத்துக்கொண்டன, இவளுக்கு அது புரியவே இல்லை. ஒரு குதிரைக்கு 'பிடிவாதம்' என்று பெயர் வைப்பதற்கு முன் நம் கை எப்போது தளர்கிறது என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். மறுபடி பார்க்கத் தைரியம் இல்லை.

குதிரை நம் உடம்பை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த பழைய கதை ஒன்று உண்டு. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொன்னது. ஊரே நம்பியது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் துளி அசைந்தன, குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. மாஸ்டர் இதைச் சொல்லிவிட்டு, "அது தலை அசைஞ்சதைக் கண்டுபிடிச்சது. நீங்க தார்ப்பாயைப் பாத்தவுடனே மூச்சைப் பிடிச்சுக்கிறீங்களே, அது இவளுக்குத் தெரியாதா?" என்றார். தார்ப்பாய்க்கு முதலில் பயந்தது யார் என்பதில் எனக்கு இன்று வரை சந்தேகம் இருக்கிறது.

26-ஆம் நாள் விற்றவருக்குப் போன் பண்ணி, வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். இளம் குதிரை மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயிற்சி முடிந்த குதிரையை விட இவள் விலை குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் அத்தனையும் மாஸ்டர் கைக்கும் சேணம் தைப்பவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. சேணம் தனித் துயரம். குதிரையின் எலும்பு கீழிருந்து மேலாக முதிர்கிறது. பாதத்துப் பக்கம் முதலில், முதுகெலும்பு கடைசியில், அதற்கு ஐந்தரை ஆறு வயதாகிவிடும். இவளுக்குச் சில மாதம் பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்து, சரிவான கூரை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் முன்புறம் எட்டிப் பிடித்தது. தோள் அகன்றது. வாங்கிய நான்காம் மாதமே சேணம் இறுக்கம், முதுகைத் தொட்டால் தோல் சுருங்கியது. இப்போது வைத்திருப்பது முன்வளைவை மாற்றக்கூடிய சேணம், பழையதாக வாங்கியது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்கிறார். இளம் குதிரைக்கு ஆசையாக விலை உயர்ந்த புதுச் சேணம் வாங்குவது, வளரும் பிள்ளைக்குத் தோல் செருப்பு அளவெடுத்துத் தைப்பதுபோலத்தான்.

எடைக் கணக்கும் பார்க்க வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லும் உச்சவரம்பு. அவள் 400 கிலோ, நானும் சாமான்களும் 74. கணக்குக்குள் இருந்தாலும் இந்த வயதுக்கு அதைத் தாராளம் என்று சொல்ல முடியாது. அதனால் மாஸ்டர் கண்டிப்பு: ஒரு தடவைக்கு 20 நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள், சின்ன வட்டமே கூடாது. மீதி நேரத்தில் கூட நடை.

ஐந்தாம் மாதம் திடீரென்று தலையை உதற ஆரம்பித்தாள். வாரைத் தொட்டாலே மேலே வீசினாள். திமிர் என்றுதான் நானும் நினைத்தேன், லாயத்தில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள், ஆளுக்கொரு கடிவாளம் சிபாரிசு செய்தார்கள். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தால், கடைவாயில் ஒரு பால் பல் முழுதாக விழாமல் புதுப் பல்லின் மேல் தொப்பிபோல ஆடிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டார், உதறல் போயிற்று. இளம் குதிரை வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்: ஐந்து வயது வரை அதற்குப் பல் விழுந்து முளைக்கும் காலம், அந்த வாயில்தான் நாம் இரும்பை வைக்கிறோம்.

தீனியில் ஒரு தப்புப் பண்ணினேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளையாயிற்றே என்று தானியத்தைக் கூட்டினேன். பட்டாசாக வெடித்தாள். குதிரையின் இரைப்பை சின்னது, அதில் அமிலம் ஓயாமல் சுரக்கும், நாள் முழுக்க நாரை மென்றுகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட உடம்பு அது. வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். தானியத்தைக் குறைத்து, உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு உலர்புல் என்று மாற்றியதும் பத்து நாளில் ஆளே மாறினாள். குளம்பு வெட்ட ஆறு வாரத்துக்கு ஒருமுறை, லாடம் இன்னும் அடிக்கவில்லை.

அடுத்த தடவை வாங்கப் போனால் என்ன செய்வேன் என்று லாயத்தில் ஒருவர் கேட்டார். அடுத்த தடவை வேண்டாம் என்றேன். பிறகு யோசித்தால் சொல்ல நிறைய இருக்கிறது. நான் வரும்வரை குதிரையை வெளியே எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்வேன். பிடிப்பது, கட்டுவது, சேணம் போடுவது எல்லாவற்றையும் என் கண் முன் செய்யச் சொல்வேன். யார் ஏறுகிறார்கள், எத்தனை முறை ஏறினார்கள், கடைசியாக எப்போது, எங்கே என்று கேட்பேன். தனியாக வாசலைத் தாண்டிப் போகுமா என்று பார்ப்பேன். சொல்லாமல் இன்னொரு நாள் போய் நிற்பேன். என்னென்ன சத்தத்துக்கு என்னென்ன அர்த்தம் என்று எழுதி வாங்குவேன். தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு மாஸ்டரைக் கூட்டிப் போவேன்.

மாஸ்டரைக் கூட்டிப் போயிருந்தால் இவளை வாங்க விட்டிருக்க மாட்டார். அவரிடமே கேட்டேன். "நிச்சயமா விட்டிருக்க மாட்டேன்" என்றார், அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே.

இதைப் படித்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே நிற்கும் ஆசிரியர் இல்லையென்றால் வேண்டாம். அனுபவமில்லாத குதிரை மேல் அனுபவமில்லாத ஆள் என்பது இரண்டு பேருமே வழி தெரியாமல் ஒருவரையொருவர் வழி கேட்பது. நான் அனுபவம் உள்ளவள் என்று நினைத்துப் போனேன், அதுதான் சங்கதி. என்னைப் போல வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று 6 வருஷம் ஏறியவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இப்போது எந்த நிலையில் இருக்கிறோம்? நடை, ட்ராட், நிற்பது எல்லாம் நான் மூச்சு விடுவதிலேயே நடக்கிறது. வலப்பக்கம் திரும்புகிறாள். கேன்டர் இடப்பக்கம் அழகு, வலப்பக்கம் பத்தில் ஆறு தடவை தப்பான காலில் (வட்டத்தின் உட்பக்க முன்காலுக்குப் பதில் வெளிப்பக்கக் கால் முந்துகிறது) தொடங்குகிறாள். தனியாக வாசலைத் தாண்டி ஐந்து நிமிஷத் தூரம் போய் வந்தோம், ஒரே ஒரு தடவை. ஓரத்துப் பற்களில் ஒன்று விழுந்துவிட்டது. தார்ப்பாயை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை, அங்கேயே கிடக்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரு காதை மட்டும் அதன் பக்கம் திருப்பிவிட்டுப் போகிறாள். நான் இன்னும் மூச்சைப் பிடிக்கிறேன்.

போன வாரம் தம்பி வந்திருந்தான். கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் வெள்ளை முடி ஏறியிருப்பதைக் காட்டினேன்.

"முழுசா வெள்ளையாக இன்னும் எத்தனை வருஷம்?"

"ஆறேழு ஆகலாம்."

என் தலையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "பரவாயில்லை, உனக்கு முன்னாடி ஆகாது" என்றான்.